தூக்கத்தைப் பற்றிய தப்பான நம்பிக்கை ஒரு பையனைத் தற்கொலை எண்ணத்தில் கொண்டுபோய் விடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. மூன்று மாதமாக ராத்திரி ஒன்றரை, இரண்டு மணி வரை புரண்டு படுக்கிறான். எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மூளை கெட்டுவிடும், தன் மூளை ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது என்று நம்புகிறான். போன வாரம் உங்களிடம் "இப்படியே போனா இருந்து என்ன பிரயோஜனம் மாமா" என்று சொல்லியிருக்கிறான். போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் உங்கள் அக்கா. தூக்கத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளின் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, அந்த நம்பிக்கையை மாற்றினால் ஆபத்து போய்விடுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவன் சொன்ன வார்த்தையை எவ்வளவு தூரம் பொருட்படுத்துவது என்பது ஒன்று. அதில் தூக்கத்தின் பங்கு என்ன என்பது இன்னொன்று. முதல் கேள்வி காத்திருக்காது. நான் மருத்துவ உளவியல் படித்து, பல வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவன். மருந்து எழுதும் மனநல மருத்துவர் இல்லை. பையனை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

இன்றைக்கே அவனிடம் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அன்னைக்கு இருந்து என்ன பிரயோஜனம்னு சொன்னியே, செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" என்று, பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேடலின் கூல்டும் குழுவினரும் நியூயார்க் மாகாணத்தில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் மட்டும் முதலில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் இறக்கி வைத்த மாதிரிகூட இருந்தது. 2005இல் வெளிவந்த முடிவு அது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் "ஆமாம்" என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், "உங்க அம்மா என்ன ஆவா, யோசிச்சியா" என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எந்த நேரத்தில் அதிகமாகத் தோன்றுகிறது, ஏதாவது செய்யத் திட்டம் வைத்திருக்கிறானா, முன்பு முயன்றிருக்கிறானா என்று கேளுங்கள். திட்டம் இருந்தாலோ முன்பு முயன்றிருந்தாலோ, மறைக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றினாலோ, அவனைத் தனியே விடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, அவசரம் என்றால் 108. வீட்டில் இருக்கிற மாத்திரைகளையும் வயலுக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்துகளையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சின்ன வேலை, ஆனால் உயிர் காப்பதில் இதற்கு இருக்கும் பங்கு பெரியது. எந்த நேரத்திலும் 14416க்கு அழைக்கலாம்; 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது, தமிழில் பேசலாம். இதைப் படிக்கும் இலங்கை வாசகர்களுக்கு 1926. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். தூக்கமின்மைக்கும் தற்கொலை ஆபத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது இப்போது நன்றாக நிலைநாட்டப்பட்ட விஷயம். பென்சில்வேனியாவில் தற்கொலையால் இறந்த 140 வளரிளம் பருவத்தினரின் கடைசி நாள்களை, அதே வயதுள்ள 131 பேரோடு ஒப்பிட்டார்கள் (கோல்ட்ஸ்டீன் குழு, 2008). இறந்தவர்களுக்குக் கடைசி வாரத்தில் தூக்கக் கோளாறு மிக அதிகமாக இருந்திருக்கிறது. மனச்சோர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. சீனாவின் ஷாண்டாங் மாகாணத்து மாணவர்களிடம் நடந்த ஆய்வு, குறைந்த தூக்கத்தோடு அடிக்கடி வரும் கெட்ட கனவுகளையும் சேர்த்துச் சொல்கிறது. அப்புறம், விழித்திருக்கும் நேரம். அமெரிக்க மரணப் பதிவுகளை வைத்து மைக்கேல் பெர்லிஸ் குழு 2016இல் கணக்கிட்டது: பகலில் விழித்திருப்பவர்கள் ஏராளம், நள்ளிரவுக்கு மேல் விழித்திருப்பவர்கள் கொஞ்சம். இந்த விகிதத்தைச் சேர்த்துப் பார்த்தால், நள்ளிரவிலிருந்து விடியல் வரையிலான நேரத்தில்தான் ஆபத்து குவிகிறது. வீடே தூங்கும்போது ஒருவன் மட்டும் விழித்துக் கிடக்கிறான், பேச ஆள் இல்லை, களைத்த மூளை எல்லாவற்றையும் கறுப்பாகவே காட்டுகிறது. அது ஏன் என்று விளங்கிக்கொள்ள ஆராய்ச்சி தேவையில்லை என்று எனக்குத் தோன்றும்.

நம்பிக்கைகளின் பங்கு என்ன என்பதில்தான் நான் குரலைத் தணித்துக்கொள்வேன். தூக்கத்தைப் பற்றிய உபயோகமில்லாத நம்பிக்கைகளை அளக்க சார்லஸ் மோரின் 1993இல் ஒரு வினாத்தாள் உருவாக்கினார். அதன் 16 கேள்விச் சுருக்கம்தான் இன்று புழக்கத்தில் இருக்கிறது. "தூக்கம் என் கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டது", "ஒரு ராத்திரி கெட்டால் வாரம் முழுக்கக் கெடும்" என்ற வகை வாக்கியங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். வான் மெக்கால் என்ற மனநல மருத்துவரின் குழு 2013இல் மனச்சோர்வு நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, தூக்கமின்மையிலிருந்து தற்கொலை எண்ணத்துக்குப் போகும் வழியில் கெட்ட கனவுகளும் இந்த நம்பிக்கைகளும் இடையில் நிற்பதாகத் தெரிந்தது. நீங்கள் படித்தது இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் குறைவு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அளந்தது. ஒரே சமயத்தில் அளந்தால் எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. நம்பிக்கையிழந்த மனம் தூக்கத்தைப் பற்றியும் நம்பிக்கையில்லாமல்தானே பேசும்? எனவே, நம்பிக்கை காரணமாகி எண்ணம் விளைகிறது என்று 16 வயதுக்காரர்களைப் பற்றி உறுதியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், சான்று தாங்குவதைவிட அதிகம் சொல்கிறார்.

ஆனாலும் நான் அந்த நம்பிக்கைகளை அலட்சியப்படுத்த மாட்டேன். உங்கள் பையன் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்பது பொய்யில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. அவன் அதிலிருந்து தாவுகிற இடம்தான் ஆபத்தானது: "எனக்கு அது கிடைக்கவில்லை, ஆகவே மூளை கெட்டுவிட்டது, கெட்டது திரும்பாது." இந்தக் கடைசித் துண்டைத் தனியே எடுத்துப் பாருங்கள். தூக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. நிரந்தரம், மீட்சியின்மை, தான் சேதமாகிவிட்டோம் என்ற எண்ணம், இவைதான் இருக்கின்றன. என்னிடம் வரும் பிள்ளைகள் "வாழ்க்கை வெறுத்துப்போச்சு" என்று முதல் நாளே சொல்வது அபூர்வம். "இனி எனக்குத் தூக்கமே வராது சார்" என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் கிடையாது. அதனால் அந்த வாக்கியத்தை ஒரு கதவாக எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ராத்திரியில் நடப்பது இப்படி இருக்கும். பதினொன்றுக்குப் படுக்கிறான். பன்னிரண்டே காலுக்குப் போனில் மணி பார்க்கிறான்: "இப்ப தூங்கினா அஞ்சே முக்கா மணி நேரம்." ஒன்று பத்துக்கு மறுபடி: "இப்ப தூங்கினாக்கூட அஞ்சு மணி நேரம்கூட இல்ல, நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட்." ஒவ்வொரு கழித்தல் கணக்கும் நெஞ்சுத் துடிப்பை ஒரு படி ஏற்றுகிறது, அந்தத் துடிப்பே தூக்கத்தை விரட்டுகிறது. காலையில் எழுந்ததும் தன்னைத் தானே சோதிக்கிறான்: கண் எரிகிறதா, படித்தது ஞாபகம் வருகிறதா. வராத ஒரு சமன்பாடு போதும், சாட்சி கிடைத்துவிடும். அலிசன் ஹார்வி என்ற உளவியலாளர் இந்தச் சுழலை 2002இல் விரிவாக வரைந்து காட்டினார். 2005இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும், தூக்கமின்மை உள்ளவர்களின் கையில் கருவி கட்டி, உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் "நேற்று நன்றாகத் தூங்கினீர்கள்", "சரியாகத் தூங்கவில்லை" என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். மோசம் என்று சொல்லப்பட்ட நாள்களில் பகல் முழுக்க அவர்களுக்குக் களைப்பும் கவலையும் கூடின. தூக்கத்துக்கு மார்க் போடும் ஸ்மார்ட் வாட்ச் அவன் கையில் இருந்தால், கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

அவனிடம் சொல்லத் தக்க உண்மைகள் இரண்டு. ஒன்று, தூக்கத் தேவை பசி மாதிரி: விழித்திருக்க விழித்திருக்க உள்ளே ஏறும். கெட்ட ராத்திரிக்கு அடுத்து வரும் தூக்கம் ஆழமாக இருக்கும், இழந்த மணிகளை ஒன்றுக்கு ஒன்று திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1963 டிசம்பர் கடைசியில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது அமெரிக்க மாணவன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமல் இருந்தான். முடிந்ததும் 14 மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தூங்கி எழுந்தான், சில நாளில் வழக்கமான தூக்கத்துக்குத் திரும்பினான். யாரும் செய்து பார்க்கக் கூடாத வேலை அது. நடுவில் நினைவு தடுமாறி, எரிச்சல் முற்றி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. அதே கார்ட்னர் வயதான பிறகு கடுமையான தூக்கமின்மையால் அவதிப்பட்டதாகச் சொன்னார். அதற்கு அந்த 11 நாள்தான் காரணமா என்பதற்குச் சான்று கிடையாது. இதையும் சேர்த்தே அவனிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கூகுளில் தேடிப் பார்த்து மாமா பாதியை மறைத்துவிட்டார் என்று நினைப்பான்.

இரண்டாவது, இரண்டு மணி வரை தூக்கம் வராதது முழுக்க அவன் குற்றமில்லை. பருவ வயதில் உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்கு நகர்கிறது என்பதை மேரி கார்ஸ்கேடன் என்ற தூக்க ஆய்வாளர் பல பத்தாண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பே தாமதமாகத்தான் தொடங்குகிறது. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, பெரிய பிள்ளைகளின் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014இல் சொன்னது. நம் ஊரில் ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து, எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன். உடம்பு ஒரு நேரத்தைச் சொல்கிறது, அட்டவணை இன்னொன்றைச் சொல்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட பையன் தன் மூளை கெட்டுவிட்டதாக முடிவு செய்கிறான்.

வீட்டில் எதிர்ப்பக்கத்து நம்பிக்கைகளும் இருக்கும், அவற்றையும் கவனியுங்கள். "தூங்கினவன் கன்று கடாக்கன்று" என்று பாட்டி சொல்வார். நாலு மணிக்கு எழுந்து படித்தவன்தான் ராங்க் வாங்கினான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தூங்கினாலும் குற்றவுணர்ச்சி, தூங்காவிட்டாலும் பயம் என்று பிள்ளை இரண்டு பக்கமும் அடி வாங்குகிறான். அப்புறம் அமுக்குவான் பேய். விழித்த நிலையில் உடம்பை அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பது, ஒழுங்கற்ற தூக்கம் உள்ளவர்களுக்குச் சாதாரணமாக வரக்கூடியது. தூக்கத்தில் வரும் தசைத் தளர்ச்சி, விழித்த பிறகும் சில நொடி நீடிக்கிறது, அவ்வளவுதான். தலைமாட்டில் இரும்பு வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அவனுக்கு அது வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்ட கனவுகளை நான் எப்போதும் கேட்டு எழுதிக்கொள்வேன். பிள்ளைகள் தாங்களாக அதைச் சொல்ல மாட்டார்கள்.

அக்காவின் யோசனை பாதி சரி. இரவில் போன் படுக்கையறையில் இருக்கக் கூடாது, மணி பார்க்கும் பழக்கத்துக்காகவே. ஆனால் தண்டனையாகப் பிடுங்கினால், ராத்திரி இரண்டு மணிக்கு மனது கெட்டுப்போகும்போது அவன் பேசக்கூடிய ஒரே நண்பனையும் சேர்த்துப் பிடுங்குகிறீர்கள். வீட்டில் எல்லோருடைய போனும் பத்தரைக்கு ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், அக்காவுடையதும் சேர்த்து. அவனுக்கு ஒரு மலிவான அலாரம் கடிகாரம் வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மனது தாங்காமல் போனால் எந்த நேரமானாலும் அம்மாவை எழுப்பலாம், மாமாவுக்கு அழைக்கலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாமலே தெரியும் என்று விடாதீர்கள். பெற்றோர் படுக்கை நேரம் குறித்துக் கொடுப்பதற்கும் பயன் இருக்கலாம். 15,000க்கு மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் தரவில், நள்ளிரவோ அதற்குப் பிறகோ படுக்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கு, பத்து மணிக்குள் படுக்க வேண்டியவர்களைவிடத் தற்கொலை எண்ணம் 20 சதவீதம் அதிகமாக இருந்தது (கேங்விஷ் குழு, 2010). அதுவும் தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. கட்டுப்பாடுள்ள வீட்டில் வேறு பல நல்லதும் இருக்கலாம்.

தூக்கத்துக்கான சிகிச்சையில் நன்றாகச் சோதிக்கப்பட்டது அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. அதில் வீட்டிலேயே தொடங்கக் கூடியவை: ஞாயிறு உட்பட ஒரே நேரத்தில் எழுவது, எழுந்ததும் வெயிலில் கொஞ்சம் நிற்பது, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுப்பது, இருபது நிமிடம் போல வரவில்லை என்றால் (மணி பார்க்காமல், உத்தேசமாக) எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்துவிட்டு மறுபடி படுப்பது. விட்டதைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுக்க அனுப்பாதீர்கள், புரளும் நேரம்தான் கூடும். இதே சிகிச்சையில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கடுமையாகக் குறைக்கும் ஒரு பகுதி உண்டு. யூடியூபில் பார்த்து அதைச் செய்ய வேண்டாம். தற்கொலை எண்ணம் இருப்பவரிடமும் இருமுனைக் கோளாறுக்கு (மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) வாய்ப்புள்ளவரிடமும் வலிப்பு உள்ளவரிடமும் மேற்பார்வையில்லாமல் அது கூடாது.

நம்பிக்கையை மாற்றினால் ஆபத்து போய்விடுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: போய்விடும் என்று நம்பி இருக்க முடியாது. தூக்கத்தையே நேராகச் சரிசெய்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மெக்கால் குழு 2019இல் வெளியிட்டது. தற்கொலை எண்ணமும் தூக்கமின்மையும் உள்ள 103 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, மனச்சோர்வு மருந்தோடு ஒரு பாதியினருக்குத் தூக்க மருந்தையும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து, மிகுந்த கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். தூக்க மருந்து பெற்றவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே மேம்பட்டது. தற்கொலை எண்ணத்தில், முதன்மை அளவுகோலில் தெளிவான வித்தியாசம் இல்லை, இன்னொரு அளவுகோலில் சிறிய முன்னேற்றம். ஆகவே தூக்கத்தைக் கவனிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மனச்சோர்வு, பள்ளியில் அவமானம், பரீட்சைப் பயம், காதல், யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்பவை எல்லாம் தனியே விசாரிக்கப்பட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், இருமல் மருந்தும் வேண்டாம், மெலடோனின் மிட்டாயும் வேண்டாம். மருத்துவர் மனச்சோர்வு மருந்து எழுதினால் பயந்து நிறுத்தவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்கச் சொல்லி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரிக்கை சேர்த்தது. கவனிக்கச் சொன்னதே தவிர, கொடுக்காதே என்று சொல்லவில்லை. மாத்திரை அட்டை அம்மாவிடம் இருக்கட்டும், வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவன் உங்களிடம் சொன்ன வாக்கியத்தை அவன் சொன்னபடியே சொல்லுங்கள், "கொஞ்சம் டல்லா இருக்கான்" என்று மாற்றாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினையோ தற்கொலையோ இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒன்றை முக்கியமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாகப் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு இருந்த நாள்கள் உண்டா? அப்படி இருந்தால் நான் மேலே எழுதியதில் பாதி பொருந்தாது, சிகிச்சையே வேறு. பையன் மருத்துவரோடு தனியாகப் பேச அரை மணி நேரமாவது கிடைக்க வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். அக்கா அறைக்கு வெளியே உட்காரச் சம்மதிக்க மாட்டார், அவரைச் சமாளிப்பது உங்கள் வேலை.